உப்புத் தோட்டா

உப்பு ஒரு மனிதனின் காலை என்ன செய்யும் என்பதைப் பத்து வயதில் கண்ணால் பார்த்தவன் நான். உப்பை விற்றுச் சோறு தின்ற வீட்டில் பிறந்தவன். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இலையில் உப்பு வைக்கும்போது என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. ஏன் என்று என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

தூத்துக்குடியிலிருந்து தருவைகுளம் போகும் பாதையில், எங்கள் உப்பளத்தை ஒட்டியே வீடு. கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. அந்த வருடம் அடுத்த அளத்துக்காரர் வீட்டில் கள்ளன் புகுந்து, தடுக்கப் போனவரின் மண்டையை உடைத்துவிட்டு ஓடினான். அன்றிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. தாத்தா காலத்து ரெட்டைக்குழல் துப்பாக்கி லைசென்ஸோடு அலமாரியில் இருந்தது. தோட்டாதான் இல்லை.

அதை வாங்க அப்பா திருநெல்வேலிக்குப் புறப்பட்டபோது மாமாவையும் கூட்டிக்கொண்டார். மாமா அம்மாவின் தம்பி; எங்கள் அளத்தில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு எங்களோடேயே இருந்தார். நானும் அழுது அடம்பிடித்துத் தொற்றிக்கொண்டேன். கடைக்காரர் ஜவுளிக்கடையில் சேலை விரிப்பதைப்போலத் தோட்டாக்களை மேசைமேல் பரப்பினார்.

“அண்ணாச்சி, கொக்குக்கா, பன்னிக்கா, ஆளுக்கா?”

மூன்றையும் ஒரே குரலில் கேட்டார்.

கொக்குக்கான தோட்டாவில் கடுகுபோல ரவை இருக்கும். எட்ட நின்றால் தோலைக் கீறும், கிட்ட நின்றால் கண்ணைக் கெடுக்கும். ஆளுக்கு என்றால் எல்ஜி. அதில் பட்டாணிப் பருமனில் ஈயக் குண்டுகள். “கதவுக்கு அங்கிட்டு நின்னாலும் ஆளு விழுந்திருவான்” என்று கடைக்காரர் மேசையைத் தட்டினார். அப்பா எல்ஜி வாங்கினார்.

வீட்டுக்கு வந்து அப்பா அதை அப்படியே சொன்னதுதான் தவறு. அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள்.

“கதவுக்கு அங்கிட்டு எம்புள்ளைல்லா படுத்துக் கெடக்கான்! கள்ளனச் சுடப் போறியளா, இவனச் சுடப் போறியளா?”

இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் மாமா வழி கண்டுபிடித்தார். அவர் கை பட்டால் செத்த எந்திரமும் இருமிக்கொண்டு எழுந்து உட்காரும். ரேடியோவா, கடிகாரமா, தையல் மிஷினா, சுற்றுவட்டாரமே அவரிடம்தான் வரும். அவர் தோட்டாக்களிலிருந்த ஈயக் குண்டுகளை எடுத்துவிட்டு எங்கள் அளத்து உப்பையே அங்கே நிரப்பி, வாயை மெழுகால் அடைத்தார். கொடியில் ஒரு பழைய வேட்டியைக் கட்டித் தூர நின்று சுட்டும் காட்டினார். வேட்டியில் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளிகள் மட்டும் விழுந்தன.

“பாத்தியளா அத்தான்? கள்ளன் ஒரு வாரம் உக்கார மாட்டான். அம்புட்டுத்தான்.”

அம்மா சிரித்தாள். மீதித் தோட்டாக்கள் பிஸ்கட் டின்னில் அடைபட்டு அலமாரிக்குள் போயின. தொட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று அப்பா என்னிடம் சொன்னார்.

தொட்டேன். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே உப்பு சலசலக்கும். அந்தச் சத்தத்துக்காகவே யாரும் இல்லாத நேரங்களில் டின்னைத் திறப்பேன். ஒரு நாள், பள்ளிக்கூடச் சிநேகிதனிடம் காட்டுவதற்காக ஒன்றை எடுத்துப்போய், உப்புக் குவியலை மூடியிருந்த பனையோலைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அன்று ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டு நான் தேடி எடுத்தபோது மெழுகு வெடித்து, தோட்டாவின் சிவப்புக் காகித உறை வெளுத்து உப்பியிருந்தது. உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் தகரக் கூரைமேல் வைத்து வெயிலில் நன்றாகக் காயவைத்தேன். பிறகு ஆட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. தோட்டா செத்துவிட்டது என்று முடிவு செய்து, டின்னில் மற்றவற்றோடு போட்டுவிட்டேன்.

மழைக்காலத்தில் எங்கள் வீட்டு உப்புச் சாடியில் உப்பு கசிந்து, பிறகு காய்ந்து கல்லாக இறுகிவிடும். அம்மா அதைக் குழவியால் தட்டித்தான் உடைப்பாள். உப்பளத்து வீட்டில் அதைப் பார்க்காத பிள்ளை கிடையாது. நானும் பார்த்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சந்தைக்குப் போய்வந்த அப்பா இன்னொரு களவுச் செய்தியோடு வந்தார். வந்ததும் மாமாவின்மேல் பாய்ந்தார்.

“உப்பை வச்சிக்கிட்டு என்ன, கள்ளனுக்கு ஊறுகா போடப் போறியாலே? நக்கிட்டு இன்னுங் கொஞ்சம் தான்னு கேப்பான். நாளைக்கே போயி எல்ஜி வாங்கிட்டு வாரேன்.”

மாமாவுக்கு முகம் கறுத்தது. தன் கைவேலையைப் பழித்தால் அவரால் தாங்க முடியாது. கிட்டங்கியிலிருந்து ஒரு சாக்கை எடுத்து மடித்து வலது கெண்டைக்காலில் சுற்றிக் கட்டினார். முற்றத்துச் சுவரோரம் போய் நின்றார்.

“சுடுங்க அத்தான். நான் ‘ஆ’ன்னு ஒரு சத்தம் போட்டேன்னா நீங்க பீரங்கியே வாங்கி வைங்க.”

அப்பா சிரித்தேவிட்டார். கோபம் விளையாட்டாக மாறிய அந்த நிமிடத்தில் எல்லோருக்கும் நிம்மதிதான். அம்மா அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அப்பா டின்னைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்தார். வெளுத்து உப்பிய சிவப்புக் காகிதம். அது குழலுக்குள் இறுக்கமாகப் போனது. கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினார்.

அது நான் மழையில் நனைத்த தோட்டா என்று எனக்குத் தெரிந்தது. சொன்னால் நான் டின்னைத் திறந்தது வெளியே வரும். சொல்லாவிட்டாலும் செத்த தோட்டா வெடிக்கப் போவதில்லை, மாமாவுக்குக் கொஞ்சம் அவமானம், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

வெடித்தது.

மாமா விழவில்லை. சுவரில் சாய்ந்து, நின்றுபோன எஞ்சினைப் பார்ப்பதுபோலத் தன் காலைக் குனிந்து பார்த்தார். மடித்த சாக்கில் முஷ்டி நுழையும் ஓட்டை. அதற்குள் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. உப்பா எலும்பா என்று எனக்குப் புரியவில்லை. “அத்தான், என்னமோ தப்பாப் போச்சு” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அந்த உப்பு ரத்தத்தில் கரையத் தொடங்கியிருக்க வேண்டும். அப்போது அவர் அலறிய அலறலை நான் அதற்குப் பிறகு எந்த மனிதனிடமிருந்தும் கேட்டதில்லை. அம்மா கரண்டியோடு ஓடிவந்து, கரண்டியோடேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா துப்பாக்கியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

ஆஸ்பத்திரியில் மாமாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். துடைக்கும்போது தானாக வெடித்தது என்று போலீசிடம் மாமாவே சொன்னார். அப்பா துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தார். பிஸ்கட் டின்னை அப்படியே கடலில் எறிந்தார். மற்றத் தோட்டாக்களும் நனைந்திருந்தனவா என்று ஆட்டிப் பார்க்க இனி யாராலும் முடியாது.

நான் பார்க்கப் போனபோது மாமா என்னை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை.

“மருமவனே, உப்பு நனஞ்சு கட்டியாயிருக்கு. மெழுகு வச்சு அடச்ச டின்னுத் தோட்டா எப்பிடில நனையும்? நீ எதையும் வெளிய எடுத்தியா?”

“இல்ல மாமா.”

“அப்பச் சரி. என் அடைப்புதான் நிக்கல” என்றார்.

தப்பித்தேன் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் சாகும்வரை அந்த ‘இல்ல’யை நான் திருத்தவில்லை.

கட்டைக்காலோடு வீடு திரும்பிய மாமா எந்த எந்திரத்தையும் தொடவில்லை. ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், “நம்ம கை வெளங்காது அண்ணாச்சி, டவுனுல குடுங்க” என்பார். அரிக்கேன் விளக்குக்குத் திரி மாற்றக்கூட என்னைக் கூப்பிடுவார். போட்டு முடித்ததும் “சரியா இருக்கா, நல்லாப் பாத்தியா?” என்று இரண்டு தடவை கேட்பார். நான் பெரிய ஆளாகிவிட்டேன், அதனால்தான் மாமா என்னிடம் வேலை விடுகிறார் என்று நினைத்து, பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.