இன்பமேரி மைக் வாங்கிய காரணம்

ஏலப்பாறைக்கு மேலே இருக்கும் ஓர் எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரியில் இன்பமேரி பதினாறு வருஷம் வேலை பார்த்தாள். நாற்பத்து நான்கு வயதில், ஒரு ஜூன் பதினேழாம் தேதி காலை ஒன்பதேகாலுக்கு, இலையை ரோலருக்குக் கொண்டுபோகும் பெல்ட் அவளுடைய வலது கையை உள்ளே இழுத்தது. அதை விடுவிக்கப் போன இடது கையையும் சேர்த்துப் பிடித்தது. மெஷினை நிறுத்துவதற்குள் வலது கையில் நான்கு விரல்களும் இடது கையில் பெருவிரலும் போய்விட்டன.

பெல்ட்டின் பல்சக்கரத்துக்கு மேல் ஓர் இரும்பு மூடி இருக்க வேண்டும். இரண்டு வாரமாக அது சுவரோரம் சாய்ந்து கிடந்தது. இலை சிக்கும்போதெல்லாம் கழற்றி மாட்ட நேரமாகிறது என்று அதை எடுத்துவிடச் சொன்னவர் ஃபேக்டரி ஆபீசர் கபிரியேல். இன்பமேரி அப்போதே அவரிடம் சொல்லியிருந்தாள்.

"சார், மூடி இல்லாம கை போடப் பயமா இருக்கு."

"பயமா இருந்தா கொழுந்து கிள்ளப் போ," என்றார் அவர்.

கோட்டயத்து ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்துவிட்டு அவள் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பியபோது, விபத்து அறிக்கையின் நகல் ஒன்று அவளுக்கு முன்பே வந்து அலமாரியில் காத்திருந்தது. மருந்து தெளிக்கும் வேலை பார்க்கும் அவள் கணவன் வேதமுத்து அதைக் காட்ட வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தான். மறைக்கத் தெரியாத மனுஷன். மலையாளத்தில் அடித்திருந்த அந்தத் தாளை அவள் அவனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி வாசித்தாள். தொழிலாளி வேலை நேரத்தில் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார், கவனம் சிதறியதே விபத்துக்குக் காரணம், இதைத் தொழிலாளியே ஒப்புக்கொண்டுள்ளார் என்று இருந்தது.

அன்றைக்கு அவளுடைய போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. ஆனால் அதற்குள் லயம் முழுக்க அவளுக்குப் 'போன் மேரி' என்று பேர் விழுந்துவிட்டது. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஒருத்தி அவள் காதுபடவே தன் மகளை அதட்டினாள். "போன கீழ வைட்டி, மேரியக்கா கைய மாதிரி ஆயிரும்."

அந்த வாரமே கபிரியேல் ஒரு பை ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தார். கண்ணை மூடி ஜெபம் செய்தார். போகும்போது, "யாரு மேலயும் மனசுல ஒண்ணும் வச்சுக்காத மேரி. அதுதான் உனக்கு நல்லது," என்றார். அவர் தலை மறைந்ததும் இன்பமேரி பையைக் காலால் தள்ளினாள். பழங்கள் வாசல் படியில் உருண்டு சரிவில் இறங்கி ஓடின. வேதமுத்து பின்னாலேயே போய்ப் பொறுக்கப் பார்த்தான்.

"எடுத்துட்டு உள்ள வந்தீங்கன்னா சோறு கிடையாது," என்றாள்.

"விட்டுருட்டி. நாம அவங்க லயத்துல இருக்கோம்."

"நீங்க இருங்க. நான் விடல."

எழுத வேண்டும். அதற்குக் கை இல்லை. இடது கையில் மிச்சமிருந்த நான்கு விரல்களில் நரம்பு செத்திருந்தது. ஒரு பட்டனை அழுத்தலாம், பேனா நிற்காது. தொழிற்சங்க ஆபீசில் இருந்த ஒருவரிடம் சொல்லி எழுத வைத்தாள். அவள் 'மூடியைக் கழற்றியவர் கபிரியேல்' என்று சொன்னால், அவர் 'சில பராமரிப்புக் குறைபாடுகள்' என்று எழுதினார். அவள் சொல்லாத 'தயவுசெய்து' பக்கத்துக்கு நாலு இருந்தது. மனு தபாலில் சேரும் முன்பே அதில் என்ன இருக்கிறது என்று கபிரியேலுக்குத் தெரிந்திருந்தது. அதோடு அவள் முடிவு செய்துவிட்டாள், இனி நடுவில் ஆள் கூடாது என்று.

போனில் பேசினால் எழுத்தாக வரும் என்பது அவளுக்குத் தெரியும். முயன்று பார்த்தாள். ஒரு மூச்சு விட்டால் போன் கேட்பதை நிறுத்திவிடும், மறுபடி தொட்டு எழுப்ப வேண்டும். இரண்டு பக்க மனுவுக்கு ஒரு பகல் போயிற்று. கோயம்புத்தூரில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கும் மகள் டின்டு, லேபில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றையும் தலையில் மாட்டும் மைக் ஒன்றையும் பஸ்ஸில் போட்டு அனுப்பினாள். அந்த மைக் நன்றாகத்தான் கேட்டது. ஆனால் வேதமுத்து ஏழரை மணிக்கு மஸ்டரில் பேர் கொடுக்கப் போகும் முன் அதை அவள் தலையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். நடுவில் நழுவிவிட்டால் மத்தியானம் அவன் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். மாட்டவும் ஒருத்தர், கழற்றவும் ஒருத்தர் என்பது அவளுக்குப் பிச்சை எடுப்பதுபோல இருந்தது. மேஜையில் தானாக உட்கார்ந்து, தூரத்திலிருந்தே அவள் பேசுவதைக் கேட்கிற மைக் வேண்டும்.

கட்டப்பனையில் ரிஜின் என்பவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். முதல் தடவை அவள் கையைப் பார்த்துவிட்டு, ஸ்டாண்டில் நிற்கும் கனமான மைக் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பாட்டுப் பாடி யூடியூபில் போடுகிறவர்கள் அதைத்தான் வாங்குகிறார்களாம்.

"ஒரு வாரம் வச்சுப் பாக்கேன். சரியில்லேன்னா திருப்பித் தருவேன். சம்மதமா?" என்று கேட்டாள்.

"பெட்டி கிழியாம இருந்தா போதும் சேச்சி," என்றார் ரிஜின்.

லயத்து வீட்டுக்குத் தகரக் கூரை. பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவே இருக்கும் சுவர் உத்தரம்வரை போகாது. பீர்மேட்டு மழை இறங்கினால் பேசுகிறவருக்கே தன் பேச்சு கேட்காது. இங்கே ஒரு மைக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே பரீட்சை வைக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். கேள்வித்தாள் கையிலேயே இருந்தது. அந்த அறிக்கையின் வரிகளைத் தமிழில் மாற்றி மனப்பாடம் பண்ணியிருந்தாள். சரியாக நாற்பது வார்த்தை. ஒவ்வொரு மைக்கின் முன்பும் அதை மூன்று தடவை சொல்லுவாள். மழை இல்லாதபோது ஒன்று, மழையில் ஒன்று, பக்கத்து வீட்டு டிவி ஓடும்போது ஒன்று. எத்தனை வார்த்தை பிசகுகிறது என்று பார்ப்பாள்.

"அந்த எழவத்தான் தெனமும் சொல்லணுமா? வேற நல்ல வார்த்தையே இல்லியா?" என்றான் வேதமுத்து.

"இத மறந்துரக் கூடாதுல்ல."

பாட்டு மைக் எல்லாவற்றையும் கேட்டது. மழையைக் கேட்டது, கோழியைக் கேட்டது. டிவி ஓடும்போது பதினேழு வார்த்தை பிசகியது. 'கவனம் சிதறியதே' என்று அவள் சொன்ன இடத்தில் சீரியலில் வந்த மருமகள் அழுதுகொண்டே சொன்ன ஒரு முழு வசனம் ஏறியிருந்தது.

இரண்டாவதாக ரிஜின் கொடுத்தது தோசைக்கல் மாதிரி வட்டமான ஒன்று. அதற்குள் ஆறு மைக் சுற்றிவர இருக்கிறது என்றார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கூட்டம் போடுகிறவர்களுக்கானது. யார் பேசினாலும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அதுதான் இங்கே வம்பாகிவிட்டது. வேதமுத்து அடுப்படியில் இருமினால் அது அவன் பக்கம் போய்விட்டது. பதினொரு பிழை.

மூன்றாவது தடவை அவளே கேட்டாள். "எல்லாப் பக்கமும் கேக்குறது வேண்டாம். எனக்கு நேரா இருக்கறத மட்டும் கேட்டு, பக்கத்துல பேசுறதத் தள்ளிவிடுறது இருக்கா?"

ரிஜின் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய், அடிஸ்கேல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு பட்டையை எடுத்துவந்தார். "இதுல நாலு மைக் வரிசையா இருக்கு சேச்சி. உங்க சத்தம் நாலுக்கும் ஒண்ணா வந்து சேரும், பக்கத்துல இருந்து வர்றது முன்ன பின்ன சேரும். அத வச்சு எது உங்க சத்தம்னு பிரிச்சு எடுக்கும். இங்க இதுக்கு ஆவசியக்காரங்க இல்ல, யாரும் கேட்டு வர்றதில்ல. வந்து ரெண்டு வருஷமாச்சு."

வீட்டில் வைத்ததும் முதலில் அதுவும் ஏமாற்றியது. பிறகுதான் அதற்கு வேண்டிய மரியாதை என்னவென்று பிடிபட்டது. கம்ப்யூட்டரின் காற்றாடி உறுமுகிற அதே பலகையில் வைக்கக் கூடாது. ஒரு கை தூரத்தில் நேராக உட்கார வேண்டும். முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர் இருந்தால் பேச்சு திரும்பி வந்து குழப்பும். வேதமுத்துவிடம் சொல்லி, கட்டிலில் கிடந்த கம்பளி இரண்டையும் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டாள். அன்றைக்கு டிவி ஓடும்போதே மூன்று வார்த்தைதான் பிசகியது. அடை மழையில் மட்டும் எந்த மைக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. மழை விடும்வரை அவள் அடுத்த வரியை யோசித்துக்கொண்டிருப்பாள்.

இன்னொன்றும் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டருக்கு லயத்துப் பேச்சு புரியவில்லை. செய்தி வாசிக்கிறவர்களைப்போலப் பேசினால்தான் எழுதியது. அதனால் அவளும் அப்படியே பேசப் பழகினாள். ஒரு மாதத்தில் அவள் மனுக்களுக்கு ஒரு தனி விறைப்பு வந்துவிட்டது. 'மூடியைக் கழற்றச் சொன்னவர் பெயர் என்ன? எந்தத் தேதியில்? யாருடைய அனுமதியுடன்?' ஒரு 'தயவுசெய்து' இல்லை. மிச்சமிருந்த வலது பெருவிரலை மையில் தோய்த்து அடியில் அழுத்தினாள். புகாராகவும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும் தொழிற்சாலைத் துறை ஆபீசுக்கு ஏழு மாதத்தில் பதினான்கு மனு போனது.

பதினொன்றாவது மனுவுக்கு வந்த பதிலில், அவள் பேரில் இருந்த வாக்குமூலத்தின் நகல் இருந்தது. ஒப்புக்கொண்டதாக ஒரு தாளே தயாராகியிருந்தது அவளுக்கு அதுவரை தெரியாது. வலது கை காயம்பட்டிருப்பதால் கையெழுத்துக்குப் பதில் 'இடது பெருவிரல் ரேகை' என்று எழுதி, கீழே கறுப்பாக ஒரு ரேகை, அதற்கும் கீழே சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்து. தேதி ஜூன் பத்தொன்பது.

அவள் தாளை மேஜையில் வைத்துவிட்டுத் தன் இடது கையைப் பார்த்தாள். அந்தப் பெருவிரல் போனது பதினேழாம் தேதி. வலது கை போனதுதான் அப்போது ஊருக்குத் தெரியும். இடது கைக் கட்டுக்குள்ளே என்ன இல்லை என்று ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கபிரியேல் வந்து பார்க்கவில்லை. மத்தியானம் வேதமுத்து வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் பயந்துபோனான்.

பன்னிரண்டாவது மனுவில் அவள் ஆஸ்பத்திரிச் சான்றிதழை இணைத்து, அந்த ரேகை யாருடையது என்று நிபுணர்களை வைத்து, ஃபேக்டரி ஆபீஸில் உள்ளவர்களின் ரேகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கபிரியேல் நேராக அவள் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை கையில் ஒன்றும் இல்லை. அவள் மேஜைக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தாள். வேதமுத்து பக்கவாட்டில் ஒரு நாற்காலி போட்டான்.

"மேரி, ரெண்டு மாசத்துல ரிட்டயர் ஆகுறேன். அந்த ரேகைச் சமாச்சாரத்த மட்டும் வாபஸ் வாங்கிரு."

"அது யாரு ரேகை சார்?"

"ஆபீஸ்ல அவசரம். ரெண்டு நாள்ல பேப்பர் போகணும்னு மேல இருந்து சொன்னாங்க."

"யாரு ரேகைன்னு கேட்டேன்."

அவர் வாசலைப் பார்த்தார். "என்னோடதுதான்," என்றார்.

அவள் திரையைப் பார்த்தாள். மைக் திறந்துதான் இருந்தது. அவள் கேட்டது இரண்டும் அரைகுறையாக அதில் விழுந்திருந்தன. அவர் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்ததால் அவருடைய பதில் ஒன்றுகூட ஏறவில்லை. இன்பமேரி எழுந்து நின்றாள்.

"இங்க வந்து உக்காருங்க சார்."

"எதுக்கு?"

"பக்கத்துல இருந்து சொன்னா அதுக்குக் கேக்காது. நேரா இருந்து சொல்லணும்."

கபிரியேல் வேதமுத்துவைப் பார்த்தார். விட்டுவிடு என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்த வேதமுத்து, அவள் எழுந்த நாற்காலியை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்து, துண்டால் துடைத்துப் போட்டான். அவர் வந்து உட்கார்ந்தார். சொன்னார். திரையில் எழுத்துகள் கன்னாபின்னாவென்று வந்தன.

"புத்தகத்துல இருக்கற மாதிரி சொல்லுங்க சார். நம்ம பேச்சு அதுக்குப் புரியாது. மெதுவா."

இரண்டாவது தடவை நான்கு பிழை. மூன்றாவது தடவை, பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: மூடியைக் கழற்றச் சொன்னது நான். இன்பமேரி கைபேசியில் பேசவில்லை. அந்தப் பெருவிரல் ரேகை என்னுடையது. பிழையில்லாமல் வந்தது.

"இப்ப அத வாசிங்க," என்றாள்.

வாசித்தார். வாசித்து முடித்து, "இனி மனுவ வாங்கிருவ இல்ல?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"அப்ப எதுக்கு இதெல்லாம் சொல்ல வச்ச?"

"சொல்லுங்கன்னேன். வாங்குறேன்னு சொல்லவே இல்லியே. உங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சு."

கையெழுத்து இல்லாத அந்த மூன்று வரி எங்கேயும் செல்லாது என்பது அவளுக்குத் தெரியும். அவர் படியிறங்கிப் போனபிறகு அந்த வரிகளை அவளே அழித்தாள். ரேகை நிபுணர்களின் அறிக்கை வர ஐந்து வாரம் ஆயிற்று. அதற்கு யாரும் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லத் தேவைப்படவில்லை. ரேகை கபிரியேலுடையது என்று வந்தது. விசாரணை மறுபடி நடந்தது. பாதுகாப்பு மூடி இல்லாததே விபத்துக்குக் காரணம் என்று அறிக்கை மாறியது. போலி வாக்குமூலம் தயாரித்ததற்காக அவர் மேல் போலீஸ் கேஸ் ஆனது. அது இன்னும் நடக்கிறது.

மாற்றி எழுதிய அறிக்கையை இன்பமேரி முப்பது நகல் எடுத்தாள். லயத்தின் முப்பது வீட்டுக்கும் அவளே போய்க் கொடுத்தாள். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பேசிய அந்தப் பெண்ணின் வீட்டில், "வாசி, நான் நிக்கேன்," என்று சொல்லி, அவள் கடைசி வரி வரைக்கும் வாசித்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றாள்.

கபிரியேலுக்கு வழியனுப்பு விழா வைக்கவில்லை. கடைசி நாள் அவர் ஆபீஸ் சாவியைக் கொடுத்துவிட்டுத் தனியாக ரோட்டுக்கு நடந்து வந்தபோது, வேதமுத்து எவ்வளவு தடுத்தும் கேட்காமல் இன்பமேரி பஸ் ஸ்டாப்பில் போய் நின்றிருந்தாள். அவர் குனிந்தபடி கடந்து போகப் பார்த்தார்.

"சார்," என்று கூப்பிட்டாள்.

அவர் நிமிர்ந்தார். அவள் பெருவிரல் இல்லாத இடது கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் காட்டினாள். குட்டிக்கானம் போகும் பஸ் வந்தது, அவர் ஏறிக்கொண்டார்.

மனசு ஆறிவிட்டதா என்று டின்டு அந்த வாரம் போனில் கேட்டிருக்கிறாள். "இல்ல," என்றாளாம் இன்பமேரி. "அந்த வாக்குமூலத்துல சாட்சின்னு ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்கல்ல. அதுல ஒருத்தரு சங்கத்து ஆபீஸ்ல எனக்கு மனு எழுதித் தந்தவரு."