அண்ணன் வேண்டாம் என்ற பவுடர்

கிள்ளானில் எங்கள் அண்ணன் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சோற்றுத் தட்டோடு வந்து நின்று கேட்பார்கள். மெலிந்த ஆள் யாராவது தெருவில் போனால், “என்ன பொஸ், ஒடம்ப வீட்ல வச்சிட்டு சட்டைய மட்டும் அனுப்பிட்டீங்களா?” என்பார். கிண்டல் வாங்கியவரும் சிரித்துக்கொண்டே போவார்.

தொழிற்சாலைகளில் பாய்லருக்கும் சுடுநீர்க் குழாய்க்கும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், சுற்றுவது அவர் வேலை. எழுபதுகளில் மாலை நேரத்தில் லோரியிலிருந்து இறங்கும்போது கல்நார்த் தூசியில் புருவம்கூட வெளுத்திருக்கும். “மாவு மில்லு மொதலாளி வந்துட்டேன்!” என்று வாசலிலிருந்தே அண்ணியைக் கூப்பிடுவார். அந்தத் தூசியை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

தொண்ணூறுகளில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதி என்று பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கே அண்ணனையும் அண்ணியையும் அழைத்து வந்தேன். சோதனையெல்லாம் முடிந்ததும் மீசோதீலியோமா என்றார்கள். நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் வரும் புற்றுநோய். கல்நார்த் தூசியால் வருவது.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. எங்களுக்காக மலாய் மொழியில் நிதானமாகச் சொன்னார். சவ்வை உரித்தெடுக்கும் பெரிய ஆபரேஷன் உண்டு, ஆனால் அண்ணனின் இருதயம் தாங்காது. நரம்பில் ஏற்றும் மருந்து இந்த நோய்க்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. வலி வந்தால் கதிர்வீச்சு வைக்கலாம். எதுவும் நோயை முழுதாக எடுக்காது.

“படுத்துத் தூங்கணும் டாக்டர். மூச்சு வாங்காம நாலு வார்த்தை பேசணும். அது போதும்” என்றார் அண்ணன்.

அதற்கு வழி இருந்தது. நோயால் நெஞ்சில் சேர்ந்து மூச்சை அடைக்கும் நீரைக் குழாய் வைத்து வடித்துவிட்டு, சுத்தப்படுத்திய டால்க் பவுடரை உள்ளே செலுத்தினால், நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு நீர் சேர இடம் இருக்காது. நுரையீரல் இன்னும் நன்றாக விரிகிறது, இப்போதே செய்வது நல்லது என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் அண்ணி மெதுவாகக் கேட்டார். “என்னங்க முடிவு பண்ணீங்க?”

“தூசி உள்ள போயிதான் சீக்குன்னு அவங்களே சொல்றாங்க. அப்புறம் இன்னும் ஒரு டின்னு தூசி போடவான்னு அவங்களே கேக்குறாங்க. தீய அணைக்க வர்ற பொம்பா வண்டியில மண்ணெண்ண கொண்டு வந்த கதையால்ல இருக்கு! வேணாம்லா. தண்ணிய மட்டும் எடுக்கட்டும்.”

அண்ணி கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும்தான். அவ்வளவு நாள் கழித்து வீட்டில் கேட்ட சிரிப்பு. அது வேறு தூசி, இது வேறு பவுடர் என்று சொல்ல எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துவிட்டது.

நீர் எடுத்த நாளெல்லாம் பழைய அண்ணன் திரும்பி வருவார். பிறகு நீர் சேர்ந்து மறுபடி மூச்சு அடைக்கும். போகப்போக இடைவெளி சுருங்கியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துதான் தூக்கம். கதையைத் தொடங்கிவிட்டு, முடிவை எங்களையே சொல்லச் சொல்லிக் கையைக் காட்டுவார்.

ஒருநாள் அவரே டாக்டரிடம் கேட்டார். “அந்தப் பவுடர்… இப்ப போடலாமா?”

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நோய் நுரையீரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நீரை எடுத்தாலும் இனி அது விரிந்து சுவரைத் தொடாது. தொடாததைப் பவுடரால் ஒட்ட முடியாது. இனி வலிக்கு மருந்தும், முடிந்தவரை நீர் எடுப்பதும்தான்.

திரும்பும் வழியில் காரில் அண்ணன் என் பக்கம் திரும்பினார். “ஏன்டா, அன்னிக்கு என்னைய கொஞ்சம் அதட்டியிருக்கலாம்ல?” என்றார்.

“உங்கள யாருண்ணே அதட்டுறது?”

“அதுவும் சரிதான்” என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்சீட்டிலிருந்து அண்ணி காதைக் கிட்டே கொண்டுவந்தார். அண்ணன் மூச்சுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டார்.