இடக்கைக் கத்தரி

தையல்கார அக்காவுக்கு இடக்கைப் பழக்கம். சாதாரணக் கத்தரி பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் வீங்கியதால், துணி வெட்டுவதையே விட்டுவிடும்படி டாக்டர் சொல்லிவிட்டார். இடக்கைக் கத்தரி என்று நம்பி ஆன்லைனில் ஒன்றை வாங்கினாள். கைப்பிடியை மட்டும் திருப்பியிருந்தார்கள். மேல் அலகு வழக்கம்போலச் சாக்பீஸ் கோட்டை மறைத்தது.

அக்கா அதைப் படம் எடுத்து, வாங்கிய கடையின் இணையப் பக்கத்திலேயே போட்டு, குறையை விளக்கி எழுதினாள்.

"லட்சம் பேர் எழுதுற இடம் அண்ணி. உங்களதையா கடைக்காரன் உக்காந்து படிக்கப்போறான்?" என்று சிரித்தாள் நாத்தனார்.

"படிப்பான். வித்ததெல்லாம் திரும்பி வந்தா அவனுக்குத்தானே தலைவலி?"

அவள் எழுதியதற்குக் கீழே பதினேழு இடக்கைக்காரர்கள் 'எனக்கும் இதே கதைதான்' என்று சேர்ந்துகொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தக் கடையிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள்.

"மேடம், உங்க படத்தைப் பார்த்தப்புறம்தான் தப்பே புரிஞ்சுது. அலகையும் மாத்திச் செய்யச் சொல்லிட்டோம். முதல் கத்தரி உங்களுக்குத்தான்."

புதுக் கத்தரி வந்த அன்றே அக்கா சீருடைத் துணியை விரித்தாள். கோடு கடைசிவரை கண்ணில் தெரிந்தது, விரல் முனகவில்லை.

நாத்தனார் மெல்லப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, என் கால் அளவுக்குச் செருப்பே கிடைக்கல. அதுக்கும் நாலு வரி எழுதிவிடுங்களேன்."