இல்லாத கட்டிக்கு ஒரு நேர்த்திக்கடன்

அறுவைச் சிகிச்சைக்கு முன் ஆறு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்றார்கள். பொய் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே அண்ணிக்குப் போன் போட்டு, "வயித்துல ஒரு கட்டி அண்ணி, எடுக்கணும்" என்றேன்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. அவர் இருப்பது சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், நான் அலோர் ஸ்டாரை ஒட்டிய மெர்கோங்கில். அவருடைய ஒரே தங்கை வயிற்றில் வந்த கட்டியால்தான் போய்ச் சேர்ந்தாள். எனக்கு அது தெரியும். அந்த நிமிடம் நினைவில் இல்லை என்பதைத் தவிர எனக்கு வேறு வாதம் கிடையாது. ஐம்பத்திரண்டு வயது வரை படித்த புத்தகங்களை அடுக்கினால் கூரையைத் தொடும். அவசரத்துக்கு ஒரு கௌரவமான பொய்கூட அவற்றிலிருந்து கிடைக்கவில்லை.

உண்மை இதுதான். பெண்ணுறுப்பின் உள் இதழ்களில் ஒன்று எனக்குக் கொஞ்சம் நீளம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இன்னும் நீண்டது. தினமும் மோட்டோ சைக்கிளில், வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தால் உரசிப் புண்ணாகிவிடும். கோயிலில் மூன்று சுற்று முடியும் முன்பே நான் ஓரமாக உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் பக்தி குறைவு என்று நினைத்திருப்பார்கள். இருபது வருடம் பவுடர் போட்டுச் சமாளித்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது நெடுநேரம் யோசித்துவிட்டு, கார்தான் வழி என்று கண்டவர்போல, "மோட்டோவ வித்துட்டு காடி வாங்கிரலாமா?" என்றார். நல்ல மனிதர்.

அலோர் ஸ்டாரில் பார்த்த மருத்துவர் ஒரு மலாய்ப் பெண்மணி. முதலில் கத்தியைப் பற்றிப் பேசவே இல்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும், இது நோயே இல்லை, யாராவது ஏதாவது சொன்னதால் வந்தீர்களா என்று கேட்டார். "என் மோட்டோதான் சொன்னது" என்றேன். சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். பிறகு நிதானமாக விளக்கினார். ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடலாம். அன்றே வீட்டுக்குப் போகலாம். தையல் தானாகக் கரையும். தொற்று வரலாம், ரத்தம் கசியலாம், உணர்ச்சி கொஞ்சம் குறையலாம், இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல வராமல் போகலாம். ஆறு வாரத்துக்கு மோட்டோவும் கூடாது, தாம்பத்தியமும் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். முழு வீக்கமும் வடிந்து சரியாகப் பல மாதம் ஆகும் என்றார். "முதல் வாரம் கண்ணாடி வைத்துப் பார்க்காதீர்கள், பயந்துவிடுவீர்கள்."

இரண்டாம் நாள் பார்த்தேன். பயந்தேன்.

சிறுநீர் போகும்போது எரியாமலிருக்க வெதுவெதுப்பான தண்ணீரைக் கூடவே ஊற்ற வேண்டும். ஒரு கையில் குவளை, மறு கையில் சுவர். தளர்ந்த கைலி, வாத்து நடை. வீக்கத்துக்குக் குளிர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அதற்கென்று விற்கும் பையை வாங்காமல், சாமர்த்தியமாக, காரட்டும் சோளமும் பட்டாணியும் கலந்த உறைந்த காய்கறிப் பொட்டலத்தை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, துண்டில் சுற்றி வைத்துக்கொண்டேன். இளகினால் மறுபடி ஃப்ரீசருக்குப் போகும்.

மூன்றாம் நாள் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணி நேரே அடுப்படிக்குப் போனார். மத்தியானம் என் முன்னால் ஒரு தட்டு நாசி கோரேங் வந்தது. வறுத்த சோற்றுக்கு நடுவே காரட், சோளம், பட்டாணி.

"ஃப்ரீசர்ல கெடந்துச்சு பாப்பா. வீணாப் போவுதேன்னு அள்ளிப் போட்டுட்டேன்லா. சாப்புடு."

அண்ணன் இரண்டாவது தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"பசிக்கல அண்ணி."

அண்ணியின் முகம் மாறியது. அடுப்படியில் குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "என் தங்கச்சியும் இப்படித்தான் பாப்பா. மொதல்ல சோறுதான் வேணாம்னா." என் கையைப் பிடித்துக்கொண்டார். "முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன். நீ நல்லபடியா எந்திரிச்சா என் முடியக் குடுக்குறேன்."

அண்ணியின் கூந்தல் இடுப்புக்குக் கீழே இறங்கும். கொண்டை போட்டால் உரித்த தேங்காய் அளவுக்கு இருக்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன காலத்தில்கூட ஒரு இழை கலையாது என்று தோட்டமே சொல்லும். அந்த நிமிடமே வாயைத் திறந்திருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளை வந்தது. அதற்கும் ஒரு நாளை இருந்தது.

மறுவாரம் போன் செய்து, "அவசரப்படாதீங்க அண்ணி, ரிசல்ட் வரட்டும்" என்றேன். முடியைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு. ரிசல்ட் என்ற பேச்சைக் கேட்டதுமே அவருக்குக் குலை நடுங்கியிருக்கிறது. வேண்டுதல் பலிக்கும் வரை காத்திருக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே முன்கூட்டிச் செலுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சால்வையால் தலையை மூடிக்கொண்டு வந்தார். விலக்கினார். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. விபூதிப் பொட்டலத்தை நீட்டினார்.

அப்போதுதான் சொன்னேன். எல்லாவற்றையும், எந்த இடம் என்பது உட்பட. அந்த இடத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர் இருந்ததில்லை, கையால் காட்டினேன்.

அண்ணி சால்வையை மடியில் போட்டு மடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் காய்கறி?"

"ஆமா அண்ணி."

"ஐயோ, ஒங்க அண்ணன் ரெண்டு தட்டு தின்னாரே!"

சிரித்தார். நானும் சிரித்தேன், தையல் இழுத்தது. அத்தோடு தப்பித்தேன் என்று நினைத்தபோது அவர் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"ஒரு வாரமா என் தங்கச்சி மூஞ்சிதான் பாப்பா கண்ணுல நிக்கிது. ஒன்னயும் தூக்கிக் குடுத்துருவேனோன்னு. ஏன், என்கிட்ட சொன்னா நான் என்னா ஊரக் கூட்டியா சிரிச்சிருப்பேன்?"

வேடிக்கை எதுவும் சேர்க்காமல் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு" என்றார். விட்டதாகத் தெரியவில்லை. தலையை மூடிக்கொண்டே, "தோட்டத்துல எல்லாருக்கும் கட்டின்னு சொல்லிட்டேன். இனி நானும்ல பொய் சொல்லணும்" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, "இன்னும் எரியுதா?" என்று கேட்டார்.

ஏழாவது வாரம் மோட்டோ ஏறினேன். எரியவில்லை. கோயிலில் இப்போது மூன்று சுற்றும் சுற்றுகிறேன். மருத்துவர் சொன்ன மாதங்கள் முடிந்து, வீக்கத்தின் சுவடுகூட இல்லை. அண்ணி வரும்போதெல்லாம் என் பார்வை முதலில் அவர் தலைக்குத்தான் போகிறது. போன மாதம் முடி காதை மூடியிருந்தது. தோளைத் தொட இன்னும் நாளாகும்.