ஆடாமல் உட்கார்ந்த முயல்

அந்த முயலைக் கொன்றது நானில்லை. ஆனால் காப்பாற்றியிருக்க வேண்டியவன் நான்தான். பத்தடி தூரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் வேறு யார்?

திண்டிவனத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் எடிட் செய்வது என் பிழைப்பு. மண்டபத்தில் எடுத்த எந்தப் படத்தைத் திறந்தாலும் முதலில் ஒயரைத்தான் அழிப்பேன். சீரியல் லைட் ஒயர், மைக் ஒயர், பெண்ணின் தலைக்குப் பின்னால் தொங்கும் ஃபேன் ஒயர். பல வருஷப் பழக்கம். மூளையைக் கேட்காமலே கை அழித்துவிடும்.

ஞாயிறு காலையில் மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூட்டேரிப்பட்டுப் பக்கம் போவேன். கீரி, அணில், ஓணான், எது கிடைத்தாலும் சரி. காட்டு முயல் மட்டும் வாய்த்ததே இல்லை. செருப்புச் சத்தம் கேட்டாலே ஓடிவிடும்.

அன்று ஒன்று மல்லாட்டைக் கொல்லையின், அதாவது நிலக்கடலை போட்டிருந்த வயலின், வரப்போரம் உட்கார்ந்திருந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. நான் ஊர்ந்து கிட்டே போயும் ஓடவில்லை. அடேயப்பா, நம்மை நம்பிவிட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நடுவில் இரண்டு மூன்று முறை வெடுக்கென்று துள்ளியது. “ஆடாம இருடா கண்ணு, ஜல்தியா முடிச்சுடுறேன்” என்று அதனிடம் கெஞ்சினேன்.

மதியம் எடிட்டுக்கு உட்கார்ந்தேன். ஆடிப்போன படங்களையெல்லாம் டெலிட் செய்தேன். மிச்சத்தில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு வெளிச்சம் கூட்டினேன், வெயிலை மஞ்சளாக்கினேன். பின்னங்காலருகே மெல்லிசாக ஏதோ ஒரு கோடு. துடைத்தேன். கிழிந்த காதை மட்டும் அழகாயிருக்கிறதென்று விட்டுவைத்தேன். மறுநாள் ஸ்டுடியோவில் முதலாளி பார்த்துவிட்டு, “பெருசா பிரிண்ட் போட்டு முன்னாடி மாட்டுப்பா” என்றார்.

அடுத்த ஞாயிறு, அதே கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் போனில் படத்தைக் காட்டினேன். பெருமைதான், வேறென்ன.

“தம்பி, இந்தக் கிழிஞ்ச காது... இது சுருக்குல மாட்டிக்கினு இருந்த முயலாச்சே! கால்ல கம்பி இருந்துச்சே, எங்க காணோம்?”

எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

“போன ஞாயித்துக்கிழமைதான். நான் வர்றப்போ சுருக்கு வெச்சவன் அத தூக்கிக்கினு போறான். இழுத்து இழுத்து காலுல எலும்பு தெரியுது. உசுரு இருந்துச்சு தம்பி, பாவம்.”

வீட்டுக்கு வந்ததும் ஒரிஜினலைத் திறந்து பெரிதாக்கினேன். பித்தளைக் கம்பி. அதைக் கட்டியிருந்த முளைக்குச்சிகூடத் தெரிந்தது. விரலால் தளர்த்தியிருந்தால் போதும். என்னை நம்பியா உட்கார்ந்திருந்தது அது? பயத்தில் விறைத்துப்போயிருந்தது. துள்ளியதெல்லாம் காலை விடுவிக்கப் பார்த்தது. அந்தப் படங்களைத்தான் ஆடிப்போனதென்று தூக்கிப்போட்டிருக்கிறேன். சீ, இதெல்லாம் ஒரு கண்ணா என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

திங்கட்கிழமை, துடைத்த படத்துக்குப் பதிலாக ஒரிஜினலையே பிரிண்ட் போட்டு ஸ்டுடியோ முன்னால் மாட்டினேன். முதலாளி படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

“ஏம்பா, கால்கிட்ட ஒரு கம்பி அப்பிடியே கெடக்குதே. நீ பாக்கலையா?”

“பாக்கலைங்க” என்றேன்.