சந்திக் கல்லில் சிவானந்தன்

பத்மநாதனுக்கு அந்த யோசனை இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில்தான் வந்தது. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்திலிருந்து வான் ஓட்டிக்கொண்டு போய், சின்னச் சின்னக் கடைகளுக்குப் பிஸ்கட் பெட்டி இறக்குகிற வேலை அவனுக்கு. போகிற ஊர்களில் பத்து வீடும் ஒரு தேவாலயமும் ஒரு பப்பும் இருந்தால் பெரிய விசயம். ஆனால் ஊர்ச் சந்தியில் ஒரு கல் மட்டும் தவறாமல் நிற்கும். போருக்குப் போய்த் திரும்பி வராத அந்த ஊர் ஆட்களின் பெயர்கள் அதில் வெட்டியிருக்கும். ஒரே குடும்பப் பெயர் மூன்று தரம் வந்த கல்லின் முன்னால் வானை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றதாக அவனே சொல்லியிருக்கிறான்.

"இவ்வளவு சின்ன ஊரிலையே கல்லு வைச்சிருக்கிறாங்கள். எங்கட ஊருக்கு மட்டும் என்ன குறை?" என்று லண்டனில் நடந்த ஊர்ச் சங்கக் கூட்டத்தில் எழும்பிக் கேட்டான்.

சங்கம் என்றதும் பெரிதாக ஒன்றையும் நினைத்துவிட வேண்டாம். வருசத்துக்கு இரண்டு தரம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடி, ஒரு தரம் சண்டை பிடித்து, மறுதரம் சமாதானமாகி, இரண்டு தரமும் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுக் கலைகிற கூட்டம் அது. அன்றைக்கு மட்டும் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. புகையிலையும் வெங்காயமும் விளைகிற அந்தச் சின்ன ஊரில் ஷெல் விழுந்தும் குண்டு விழுந்தும் செத்தவர்கள் எல்லா வீட்டுக்கும் சொந்தக்காரர்களாய் இருந்தார்கள்.

கூட்டத்துக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தவள் கனகாம்பிகை. அவள் லண்டனுக்கு வந்து அப்போது இரண்டு வருசம். தம்பி யோகராஜாவின் வீட்டுப் பின்னறையில் மகள் தர்ஷினியோடு இருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. நீராவிக்குள் நின்று நாள் முழுக்கக் கட்டில் விரிப்புகளை மடித்துவிட்டு வருவாள். வந்ததும் அடுப்படியில் நிற்பாள். ஒருவர் வீட்டில் இருக்கிறோம் என்ற எண்ணம் அவளைச் சும்மா இருக்க விடுவதில்லை.

அவளுடைய கணவன் சிவானந்தன் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதம் கொழும்புக்குப் போகும்போது, வழியில் ஓர் இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். அவரையும் வேறு சிலரையும் இறக்கிவிட்டு, பஸ்ஸைப் போகச் சொன்னார்கள். பஸ் போய்விட்டது. அவ்வளவுதான் தெரியும். கனகாம்பிகை இரண்டு வருசம் முகாம் முகாமாக அலைந்தாள். இருக்கிறாரா என்று கேட்டால் இல்லை என்றார்கள். செத்துப்போனாரா என்று கேட்டால் அதற்கும் இல்லை என்றார்கள். பிறகு மகளைக் காப்பாற்றவேண்டும் என்று யோகராஜா ஏஜென்சிக்காரனைப் பிடித்து இருவரையும் இங்கே எடுத்துவிட்டான். தாலியும் பொட்டுமாகத்தான் வந்து இறங்கினாள். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அகதி விண்ணப்பத்தின் முதல் விசாரணையில் "விதவையா?" என்று கேட்டபோது, "இல்லை, கலியாணம் கட்டினவள்" என்று தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

தொண்ணூற்றைந்து தை மாதம் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. அந்த இடைவெளிக்குள் கல்லை நட்டுவிட ஊரில் அவசரப்பட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்மநாதன் கனகாம்பிகைக்குப் போன் எடுத்தான்.

"அக்கா, செத்த ஆக்களின்ரை பேரெல்லாம் சரி. அண்ணையின்ரை பேர்தான் ஒரு கரைச்சலாய்க் கிடக்கு."

"என்ன கரைச்சல்?"

"காணாமல் போனவர் எண்டு தனியப் போடச் சொல்லி நான் அறிவிச்சனான். ஊர்ப் பெரியாக்கள் ஏலாது எண்டினம். உயிரோடை இருக்கிற ஒராளின்ரை பேரைச் செத்த ஆக்களின்ரை கல்லிலை வெட்டினால் அவருக்கு ஆயுள் குறைஞ்சிடுமாம். அதாலை ஒண்டில் செத்தவர் எண்டு திகதியோடை போடவேணும், இல்லாட்டி பேரையே விடவேணும். போடவோ, விடவோ?"

கனகாம்பிகை ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். போடு என்றால் தன் வாயாலேயே அவரைச் சாகடித்ததாகிவிடும். விடு என்றால், ஊர்ச் சந்தியில் எல்லார் பெயரும் இருக்க, அவர் அந்த ஊரிலேயே பிறக்காதவர் போல ஆகிவிடும். இரண்டு பக்கமும் நெருப்பு வைத்துவிட்டு எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்டால் மனுசி எங்கே போவாள்?

"நான் யோசிச்சுச் சொல்லுறன் தம்பி," என்றாள்.

யோசிக்கவே இல்லை. யோசிக்க முடியவில்லை. போன் மணி அடித்தால் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். இரண்டு கிழமை இப்படியே போனது. பத்மநாதன் நல்லவன், நல்லவர்கள் செய்கிற பிழைதான் எங்களுக்கு எப்போதும் பெரிய பிழை. எந்தப் பொம்பிளை தன் புருசனைச் செத்தவர் என்று போடும்படி வாய்விட்டுச் சொல்லுவாள், மனதுக்குள் ஓம் என்றுதான் இருக்கும், அதை நாங்களாகத்தான் விளங்கிக்கொள்ளவேண்டும் என்று அவன் முடிவெடுத்தான். அவளை மேலும் வருத்தக்கூடாது என்று அவளிடம் திரும்பக் கேட்கவும் இல்லை.

சித்திரை முடிகிற நேரத்தில் படங்கள் வந்தன. கறுப்புக் கல், மாலை, குத்துவிளக்கு. நடுவில் 'அமரர் ந. சிவானந்தன்'. பக்கத்தில் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிய நாளின் திகதி.

"அழிக்கச் சொல்லு," என்றாள் கனகாம்பிகை. இந்த முறை அவளாகவே பத்மநாதனுக்குப் போன் எடுத்திருந்தாள்.

"கல்லிலை வெட்டினதை எப்பிடி அக்கா அழிக்கிறது? உளியாலை கொத்தினால் அந்த இடம் மட்டும் புண் மாதிரித் தெரியும். சனம் இது ஆர் எண்டு இன்னும் கூடக் கேக்கும்."

"அவர் வந்தால் என்ன சொல்லுவாய்?"

 பத்மநாதன் அழுதான். அழுகிற ஆம்பிளையை ஏசவும் அவளுக்கு மனம் வரவில்லை. அதற்குள் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது; ஊருக்குக் கடிதமும் போகவில்லை, ஆளும் போகவில்லை.

படத்தைப் பார்க்காதவர்கள் லண்டனில் இல்லை என்று ஆனது. ஆடியில் யோகராஜாவின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு, சட்டன் என்ற இடத்தில் மண்டபம் எடுத்துச் செய்தார்கள். தகப்பனின் தமக்கை என்ற முறையில் ஆலாத்தி எடுக்கவேண்டியவள் கனகாம்பிகை. பச்சைச் சேலை உடுத்து ஆயத்தமாக நின்றாள். யோகராஜாவின் மனைவி வசந்தமலர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"மச்சாள், குறை நினையாதையுங்கோ. சனம் கதைக்கும். பிள்ளையின்ரை நல்ல காரியம்."

ஆலாத்தித் தட்டை வேறொருத்தி எடுத்தாள். கனகாம்பிகை சமையல் பக்கம் போய்ப் பாயசம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றாள். வசந்தமலரிலும் அவளுக்குக் கோபம் இல்லை. அதுதான் கொடுமை, ஒருவரைப் பிடித்து ஏசிவிட்டால் மனம் கொஞ்சம் ஆறும். ஏசுவதற்கு ஓர் ஆளாவது வேண்டாமா?

ஐப்பசியில் குரோய்டனிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. இந்த முறை விசாரணை கடுமையாக இருக்கும் என்றார் வழக்கறிஞர். பலரைத் திருப்பி அனுப்புகிறார்கள். காணாமல் போனார் என்ற கதையை நம்ப வைப்பது கஷ்டம். ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?

யோகராஜா வழக்கறிஞரைக் கண்டுவிட்டு வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை மேசையில் வைத்தான். அவளுடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அக்கா, இதைக் குடுத்தால் சரிவரும் எண்டு லோயர் சொல்லுறார். ஆனால் நீங்களும் அவர் செத்திட்டார் எண்டு வாயாலை சொல்லவேணும். படம் ஒண்டும் நீங்கள் ஒண்டும் சொன்னால் சந்தேகப்படுவாங்களாம்."

"நான் பொய் சொல்லமாட்டன்."

"எது பொய் எண்டு எனக்கும் தெரியாது அக்கா. தர்ஷினியை நினைச்சுப் பாருங்கோ."

தர்ஷினி முன்னறையில் பள்ளிக்கூட நாடகத்துக்கு ஆங்கிலத்தில் வசனம் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது பதினொன்று. சண்டை நடக்கிற ஊருக்கு அவளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? கனகாம்பிகை படத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். வேறு என்ன செய்வாள்?

விசாரணை அறை சின்னது. மேசைக்கு அந்தப் பக்கம் தலை நரைத்த ஓர் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இளங்கோவன், மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அதிகாரி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லி இளங்கோவனிடம் கேட்டார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்.

"இந்தக் கல்லுல இருக்கிறது உங்க கணவர் பேரான்னு கேக்கிறாரு," என்றார் இளங்கோவன்.

"ஓம்."

"அவர் இறந்துட்டாரா?"

கனகாம்பிகையின் கை தாலிக்கொடிக்குப் போனது. இளங்கோவன் அவளுடைய தாலியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தியிருந்தால் ஒருவேளை அவளுக்கு ஆத்திரம் வந்திருக்கும், இல்லை என்று சொல்லியிருப்பாள். அவர் பேனையை மூடி வைத்துவிட்டு, தண்ணீர்க் கோப்பையை அவள் பக்கம் தள்ளினார். சண்டைக்கு வராத ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

"ஓம்," என்றாள்.

அந்த "ஓம்" என்பதை இளங்கோவன் ஆங்கிலத்தில் சொன்னார். ஆங்கிலத்தில் அது ஒரே ஒரு சொல்லாக இருந்தது. அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, மெதுவாக ஏதோ சொன்னார்.

"உங்க கணவர் இறந்ததுக்கு ரொம்ப வருத்தப்படுறேன்னு சொல்றாரு," என்றார் இளங்கோவன்.

எங்கள் ஆட்கள் செத்தவீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்தால் கையைப் பிடித்துக்கொள்வார்கள், கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள், கூடவே இருந்து அழுவார்கள். பதிலுக்கு ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. இந்த மனிசனுக்கு என்ன சொல்வது என்று கனகாம்பிகைக்குத் தெரியவில்லை. கையை நீட்டிப் பார்த்தாள். மேசை அகலமாக இருந்தது.

"தாங்க்யூ," என்றாள்.

சிவானந்தனின் செத்தவீடு அப்படித்தான் நடந்தது.