ஜெயமாலா டீச்சரின் மிட்டாய் மயில்

வேலூரிலிருந்து ஆரணிக்கு வரும் பஸ் கண்ணமங்கலத்தில் நின்றது. முன்பு என்னோடு பள்ளியில் வேலை பார்த்த சரோஜா டீச்சர், வாழை இலையில் சுற்றிய மாலையோடு ஏறினார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீயும் அங்கதான் வந்துகினு இருக்கியா? எடுக்கறதுக்குள்ள போயிடலாமா?" என்று கேட்டார். எங்கே என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார். மடியிலிருந்த மாலையை எடுத்துக் கால் பக்கம் வைத்தார். பிறகுதான் ஜெயமாலா டீச்சர் போய்விட்டதைச் சொன்னார்.

விடிகிற நேரத்தில் நெஞ்சு வலி என்றாராம். ஆஸ்பத்திரிக்கு வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மலை ஜன்னலோடு கூடவே வந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை. அவர் வளர்த்த சுமதிக்குச் சொல்லியாயிற்றா என்று மட்டும் கேட்டேன். செய்யாறுக்கு ஆள் போயிருப்பதாகச் சரோஜா டீச்சர் சொன்னார்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த ஜெயமாலா டீச்சர் மூன்றாம் வகுப்பு. கருப்புக் குடை. பட்டு நெய்கிற ஊரில் ஒருநாளும் பட்டு கட்டாதவர். சமண நயினார் வீட்டுப் பெண். பூச்சியைக் கொதிக்கவைத்து எடுக்கிற நூல் தனக்கு வேண்டாம் என்பார். அடுத்தவர் கட்டியிருந்தால் அழகாக இருக்கிறது என்றும் சொல்வார். என் அப்பா நெசவுக்காரர்களுக்குக் கிராஃப் தாளில் டிசைன் போட்டுக் கொடுக்கிறவர். ஒருமுறை கடைத்தெருவில் அவரைப் பார்த்து, "உங்கள நம்பியிருந்தா எங்க வீட்ல அடுப்பே எரியாதுங்க டீச்சர்" என்றார். "அதுக்குத்தாங்க உங்க பொண்ணுக்கு தெனம் என் டிபன்ல பாதி குடுக்கறேன்" என்றார் டீச்சர். அப்பா வெகுநாள் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் கடைசியில், எம்.ஏ. முடித்து வேலைக்குக் காத்திருந்த காலத்தில், அந்தப் பள்ளியில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். ஜெயமாலா டீச்சரை நான் முதலில் பார்த்தபோது அவர் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. அது அவரை அம்மா என்றது. நானும் அப்படியே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. தங்கை பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தை சுமதியை இவர் தூக்கி வந்தார். தனக்கு வந்த வரன்களைத் தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டவை திரும்பி வரவில்லை.

குழந்தையின் அப்பா தரணேந்திரன் செய்யாறில் உரக்கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். அதுதான் சிரமம். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். மறுமணம் செய்துகொண்டார். புது மனைவிக்கும் குழந்தையை அழைத்து வருவதில் விருப்பம். நாலு வயது நிறைகிற பிறந்தநாளன்று வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார். டீச்சர் மறுக்கவில்லை. ஓய்வறையில் எங்களிடம் சொல்லும்போது மட்டும், "அப்பன் இருக்கறப்ப பெரியம்மா யாரு?" என்றார். கேள்விபோல அது ஒலிக்கவில்லை.

ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னிடம் கேட்டார். "நீ படிச்சவ. நாலு வயசுல நடந்தது பிற்பாடு ஞாபகம் இருக்குமா?" அப்போது ஏதோ மனோதத்துவப் புத்தகம் படித்திருந்தேன். சாதாரண நாட்கள் தங்காது, பெரிதாக ஏதாவது நடந்தால் தங்கக்கூடும் என்றேன். பெரிதென்றால் எப்படி என்று கேட்டார். இதுவரை அந்தக் குழந்தை பார்க்காத ஒன்று என்றேன். அவர் டிபன் பாக்ஸை மூடினார். மறுநாள் வந்து, கேக் செய்யப் போவதாகச் சொன்னார்.

எங்கள் தெருக்களில் அப்போது பிறந்தநாள் என்றால் கோயில், புதுத்துணி, பாயசம். கேக் என்பது வேலூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது. அதில் முட்டை. எனவே வீட்டில், முட்டை இல்லாமல், தானே செய்வது என்று முடிவெடுத்தார். ஒரு வாரப் பத்திரிகையில் வந்த குறிப்பில் முட்டைக்குப் பதில் தயிரும் ஆப்ப சோடாவும் போடச் சொல்லியிருந்தது. அடுப்பின்மேல் இரும்புச் சட்டி, அதில் ஆற்று மணல், மணலுக்குள் மாவுத் தட்டு, மூடியின்மேல் கரி நெருப்பு. மணலை அவரே சலித்தார். சலித்ததில் ஊர்ந்த பூச்சிகளை ஒரு தாளில் ஏந்திக்கொண்டு போய் ஆற்றங்கரையிலேயே விட்டுவிட்டு வந்தார். மைதாவிலும் அப்படித்தான். ஒரு வண்டு தப்பாது. ஒரு வண்டு சாகாது.

முதல் கேக் அடியில் கரி, நடுவில் கூழ். இரண்டாவது வெந்தது, அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஓய்வறைக்குக் கொண்டுவந்தார். தலைமையாசிரியை ஒரு விள்ளலை வாயில் போட்டு வெகுநேரம் மென்றுவிட்டு, காம்பவுண்டுச் சுவரிலிருந்து ஒரு கல் விழுந்திருக்கிறது, அந்த இடத்துக்கு இது பொருந்தும் என்றார். எல்லோரும் சிரித்தோம். டீச்சரும்தான். ஆனால் அன்று மாலையே மறுபடியும் மணலைச் சூடேற்றினார். வாரக்கணக்கில் இது நடந்தது. அந்த வீட்டில் எப்போதும் ஏலக்காயும் கரிப்புகையும் மணந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்தபோது கேக் தளும்பாமல், கருகாமல், தட்டு நிறைய எழுந்து நின்றது. சுமதி அதை விரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்து மறுபடி மேலே வந்தது. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே மிட்டாயால் அலங்கரிக்கலாம் என்றது நான். மயில் என்றதும் நான்தான். எங்கள் வீட்டில் மயில் எப்போதும் உண்டு. புடவை முந்தானைக்கு அப்பா போட்ட டிசைன்களில் பாதி மயில். கிராஃப் தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு கட்டத்துக்கு ஒரு மிட்டாய் வைத்துக்கொண்டு போனால் போதும். ஆரஞ்சு மிட்டாய், சீரக மிட்டாய், பொத்தான்போலத் தட்டையாக இருக்கும் கலர் மிட்டாய். மயிலுக்கு வேண்டிய நீலம் எந்தக் கடையிலும் இல்லை. பட்டுச் சாயத்தில் ஒரு சொட்டு விட்டால் பேஜாரே இல்லை என்று அப்பா யோசனை சொன்னார். டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார். எங்கள் மயிலுக்குக் கழுத்தும் பச்சைதான்.

மிட்டாய் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் தேன் மிட்டாயை அள்ளிப் போடப் போனார். டீச்சர் தடுத்தார். தேனை அவர் தொடமாட்டார். அதில் தேனே கிடையாது, வெறும் சர்க்கரைப் பாகுதான் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். "பேர்ல இருக்குதுங்களே" என்றார் டீச்சர். "இன்னாங்க இது, பேரையா துன்னப்போறீங்க?" என்றார் கடைக்காரர். "நெனப்புல துன்ட்டா துன்ட்டதுதாங்க" என்று அவர் பாணியிலேயே சொல்லிவிட்டு, பச்சை மிட்டாயை இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். இதை நான் பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். பேரில் இருந்த தேனைப் பார்த்தவர் அவர்.

பிறந்தநாள் காலை. நாலு தட்டுக் கேக்குகளைச் சர்க்கரைக் குழைவால் ஒட்டி ஒன்றாக்கினோம். வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் அடித்து மேலே பூசினார். முறங்களில் நிறம் நிறமாக மிட்டாய். நான் தாளைப் பார்த்துச் சொல்வேன், அவர் வைப்பார். பச்சை, பச்சை, மஞ்சள், பச்சை. தறியில் டிசைன் அட்டை மாறுவதுபோல வரிசை வரிசையாக வந்தது. நாங்கள் இருவரும் மயிலைப் பார்க்கவில்லை. கட்டங்களைத்தான் பார்த்தோம். வால் நாலு பக்கமும் விரிந்து ஓரம் வரை போயிற்று. கடைசியில் ஒரு கட்டம் மிச்சம். கருப்பு மிட்டாய் இல்லை. டீச்சர் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒரு மிளகை எடுத்து அங்கே அழுத்தினார். அது கண்.

வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சிலர் கை கூப்பினார்கள். தெருப் பிள்ளைகள் சத்தமே போடவில்லை. தரணேந்திரன் மனைவியோடு வந்திருந்தார். சுமதி புதுப் பாவாடையோடு உள்ளேயிருந்து வந்து, கேக்கைப் பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது பெருமை அல்ல. ஆயிற்று என்பதுபோல இருந்தது.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். நயினார் வீடுகளில் விளக்கு வைத்தபின் சாப்பாடு கிடையாது. டீச்சர் ஜல்தியாகக் கத்தியைக் கழுவிக் குழந்தையின் கையில் கொடுத்து, தன் கையை அதன்மேல் வைத்தார். சுமதி கையை இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, மயிலுக்கு வலிக்கும்."

யாரோ சிரித்தார்கள். ஓரத்தில் வெட்டலாமே என்று ஒரு பெண் சொன்னாள். "அது வாலு" என்றாள் சுமதி. டீச்சரின் கை கத்தியின்மேல் அப்படியே இருந்தது. அவர் அப்போதுதான் பார்த்தார். மாவில் பிடித்ததானாலும் உயிரின் உருவத்தை அறுக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டில் குழந்தைகளுக்குச் சொல்லித் தருவது. சுமதிக்கு அதைச் சொல்லித் தந்தது இவர்தான். எங்கள் வீட்டில் மயில் உயிர் அல்ல. புடவை. வாரக்கணக்கில் மாவும் மணலும் சர்க்கரையுமாக இருந்ததில் அவருக்கும் அது உயிராகத் தெரியவில்லை. நாலு வயதுக் குழந்தைக்குத் தெரிந்துவிட்டது.

தரணேந்திரன், "நல்லா வளத்திருக்கீங்க அக்கா" என்றார்.

டீச்சர் கத்தியை வாங்கிக் கீழே வைத்தார். வந்தவர்களுக்குச் சுண்டலும் பாயசமும் கொடுக்கும்படி என்னிடம் சொன்னார். அப்போ கேக் இல்லையா என்று ஒரு பையன் கேட்டு, அவன் அம்மாவிடம் கிள்ளு வாங்கினான். மிச்ச மிட்டாய்களைப் பிள்ளைகளின் கையில் கொட்டி அனுப்பினேன். திரும்பி வந்தபோது டீச்சர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மயிலின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அறுக்க வேணாம். பாத்துக்கோ. நல்லாப் பாத்துக்கோ."

சுமதி பார்த்தாள். ஒரு குழந்தையால் எவ்வளவு நேரம் முடியுமோ அதைவிட அதிக நேரம் பார்த்தாள். வெளிச்சம் குறைந்தது. பச்சை முதலில் போயிற்று. பிறகு மஞ்சள். தரணேந்திரனின் மனைவி மெதுவாக எழுந்துபோய் விளக்கை ஏற்றினாள்.

செய்யாறு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தோம். குழந்தை அழவில்லை. நாளைக்கு வந்துவிடுவோம் என்று நினைத்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாக, மயிலைப் பூனை தொடாமல் பார்த்துக்கொள்ளும்படி சொன்னாள்.

சில நாட்கள் கழித்து நான் போனபோது மயில் அங்கேயே இருந்தது. நிறங்கள் கசிந்து ஒன்றோடொன்று கலந்திருந்தன. வால் பக்கமிருந்து எறும்புகள் வந்துவிட்டன. சாரை சாரையாக. தூக்கி வெளியே வைத்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும். அதுங்களுக்கு மயில்னு தெரியாது" என்றார்.

முதல் வருடம் விடுமுறைகளில் செய்யாறுக்குப் போய்வந்தார். பிறகு நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "நான் போனா கொழந்த ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பாக்குது. கழுத்து வலிக்கும்" என்றார். அதை வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தார். எனக்கு வேலூரில் வேலை கிடைத்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் போய்ப் பார்ப்பேன். சுமதியைப் பற்றி அவராகப் பேசமாட்டார். ஒரே ஒரு முறை, தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம் போய்க்கொண்டிருந்தபோது, "ஞாபகம் இருக்கும் இல்ல?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். இது நடந்து நாலைந்து வருடம் இருக்கும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எடுப்பதற்கு எல்லாம் தயாராக இருந்தது. டீச்சர்மேல் வெள்ளைப் பருத்தி. சுவரோரம் தாவணி கட்டிய ஒரு பெண் தனியாக நின்றிருந்தாள். தரணேந்திரன் அவளை என்னிடம் அழைத்துவந்து, மயில் போட்ட டீச்சர் இவங்கதான் என்றார். தரணேந்திரனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

எல்லோரும் போனபின் சுமதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா அடிக்கடி சொல்வாரு. நான் அறுக்கமாட்டேன்னுட்டேனாம். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரலைங்க. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். அவங்க மொகம்கூட போட்டோல பாத்ததுதான்" என்றாள். தப்புச் செய்துவிட்டவள்போலச் சொன்னாள். முதலிலிருந்து சொல்லும்படி கேட்டாள்.

சொன்னேன். மணல், வண்டு, காம்பவுண்டுக் கல், பச்சைக் கழுத்து, மிளகு. வேறு யாருடைய குழந்தையைப் பற்றியோ கேட்பதுபோலக் கேட்டாள். எங்கேயாவது அவள் முகத்தில் ஒன்று அசையும் என்று பார்த்துக்கொண்டே சொன்னேன். எதுவும் அசையவில்லை. பஸ் போனது வரை சொல்லி முடித்தேன்.

பிறகு கேட்டாள்.

"பொழுது போயிடுச்சுன்னீங்களே. அன்னிக்கி அவங்க எதுனா சாப்ட்டாங்களா?"

ஒவ்வொரு மிட்டாயின் இடமும் எனக்குத் தெரியும். இது தெரியவில்லை. நினைத்துப் பார்த்தேன். காலையிலிருந்து அவர் கை முழுக்கச் சர்க்கரைக் குழைவு. மதியம் விருந்தாளிகள். மாலையில் மடியில் குழந்தை. பஸ்ஸிலிருந்து திரும்பியபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கு வைத்தபின் அவர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

"இல்ல" என்றேன்.

சுமதி தலையைக் குனிந்துகொண்டாள். அன்று காலையிலிருந்து அவள் அழவில்லை என்று தரணேந்திரன் சொல்லியிருந்தார். அப்போது அழுதாள்.

ஜெயமாலா டீச்சரின் பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. ஒரு நாள் இருக்கிறது. அதை அவர் எனக்காகச் செய்யவில்லை. இருந்தும் என்னிடம் தங்கிவிட்டது. பத்து வருடமாக வைத்திருக்கிறேன். அவர் சாப்பிட்டாரா என்று கேட்க எனக்குத் தோன்றியதில்லை. அவர் மகளுக்குத் தோன்றியது. இனி அந்த நாளோடு அதையும் சேர்த்து வைத்துக்கொள்வேன்.